நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்? முதியோருக்கு வரும் திடீர்க் குழப்பநிலையைக் கண்டறிவது எப்படி

இன்றைய அரங்கில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருடைய வீட்டில் நடந்திருக்கும். அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு, அது தள்ளிப்போடக்கூடாத ஓர் அவசரம் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

எண்பது வயதான ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தானே குளித்து, சாமி விளக்கேற்றி, காப்பி கலந்து குடிப்பவர். திங்கட்கிழமை வரை பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். செவ்வாய்க்கிழமை மாலை பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்கிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுகிறார். இரவெல்லாம் தூங்காமல், "என்னை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று கதவருகே நிற்கிறார். விடிந்ததும் ஓரளவு தெளிவாகப் பேசுகிறார். பொழுது சாய்ந்ததும் மறுபடியும் அதே கதை.

இப்படி நடக்கும்போது வீட்டில் மூன்று விதமான பேச்சு எழும். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "மறதி நோய் வந்துவிட்டது" என்பார் இன்னொருவர். "எங்கேயோ பயந்திருக்கிறார், கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்துவிடலாம்" என்பார் மூன்றாமவர். மூவருமே அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தால், அதற்குள் நுரையீரலில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்துவிடலாம். இரத்தத்தில் உப்புச்சத்து ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். பாட்டிக்கு வந்திருப்பது பெரும்பாலும் 'டெலிரியம்'. தமிழில் திடீர்க் குழப்பநிலை என்று சொல்லலாம்.

நம் பெரியவர்கள் அறிந்த ஜன்னி

இது புதிய விஷயம் அல்ல. கடும் காய்ச்சலில் ஒருவர் சம்பந்தமில்லாமல் பிதற்றினால், "ஜன்னி கண்டுவிட்டது" என்று நம் பாட்டன் பாட்டிமார் சொல்வார்கள். உடம்பில் உள்ள நோய்தான் புத்தியைக் கலக்குகிறது, காய்ச்சல் இறங்கினால் புத்தி தெளியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேல்நாட்டிலும் அதே எண்ணம்தான். டெலிரியம் என்பது லத்தீன் மொழிச் சொல். ஏர் உழும்போது சாலை விட்டு விலகிப் போவது என்பது அதன் மூலப்பொருள். உழவன் நல்லவன், நிலமும் நல்ல நிலம்தான், ஏர் மட்டும் தடம் மாறிவிட்டது என்று பொருள்.

இந்தக் குழப்பநிலைக்குக் காரணம் பெரும்பாலும் மூளையில் இருப்பதில்லை. உடம்பில் வேறெங்கோ இருக்கும் கோளாறு மூளையின் வேலையைத் தற்காலிகமாகக் குலைக்கிறது. இளவயதினருக்கு நுரையீரலில் கிருமித்தொற்று வந்தால் காய்ச்சல் வரும், இருமல் வரும், நெஞ்சு வலிக்கும். எண்பது வயதானவருக்குக் காய்ச்சலும் இருமலும் இல்லாமலேயே இருக்கலாம். குழப்பம் மட்டுமே முதல் அறிகுறியாக வரலாம். அதனால்தான் இதை நாம் ஓர் அபாய மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் பொதுச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்படும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை ஏற்படுகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவர்களில் பாதிப்பேர் வரும்போதே இந்த நிலையில் வருகிறார்கள். மீதிப்பேருக்கு மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வருகிறது. சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இது எல்லாக் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டிய விஷயம்.

மறதி நோய்க்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

முதுமை மறதி நோய் மெதுவாக வருவது. எப்போது தொடங்கியது என்று கேட்டால், "இரண்டு மூன்று ஆண்டாகவே இப்படித்தான்" என்பார்கள். திடீர்க் குழப்பநிலைக்கு நாள் குறித்துச் சொல்லலாம். "செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து" என்று சொல்ல முடிந்தால், அது பெரும்பாலும் மறதி நோய் அல்ல.

இரண்டாவது வேறுபாடு கவனம். மறதி நோயின் தொடக்கத்தில் உள்ளவர் நீங்கள் சொன்னதை மறந்துவிடுவார். ஆனால் நீங்கள் பேசும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார். குழப்பநிலையில் உள்ளவரால் கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்த முடியாது. பாதிப் பேச்சில் கண் வேறெங்கோ போகும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஏற்ற இறக்கம். காலையில் தெளிவு, மாலையில் கலக்கம், நள்ளிரவில் கூச்சல் என்று ஒரே நாளில் மாறிக்கொண்டே இருப்பது குழப்பநிலையின் அடையாளம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்குத்தான் இந்தக் குழப்பநிலை மிக எளிதாக வருகிறது. "அவருக்குத்தான் மறதி நோய் இருக்கிறதே, அதனால்தான் இப்படி" என்று விட்டுவிடுவது சரியல்ல. மறதி நோய் உள்ள ஒருவர் இரண்டு நாளில் திடீரென்று மோசமானால், புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சத்தம் போடுபவரும் சத்தமில்லாமல் இருப்பவரும்

குழப்பநிலை என்றதும் கத்துவது, ஊசிக்குழாயைப் பிடுங்குவது, கட்டிலிலிருந்து இறங்க முயல்வது ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இது ஒரு வகை. இன்னொரு வகை அமைதியானது. முதியவர் பேசாமல் படுத்திருப்பார். கேட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாடு வாயிலேயே இருக்கும். "இன்றைக்குத் தொந்தரவு இல்லை, நன்றாகத் தூங்குகிறார்" என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். அல்லது மனச்சோர்வு என்று நினைப்பார்கள்.

சத்தம் போடுபவரை எல்லாரும் கவனிப்பார்கள். அமைதியாகப் படுத்திருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அதனால் இரண்டாவது வகைதான் அதிகமாகக் கண்ணில் படாமல் போகிறது. ஒரே ஆளிடம் இரண்டு வகையும் மாறி மாறி வருவதும் உண்டு.

மருத்துவர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள்?

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேன் படத்திலோ 'இதுதான் டெலிரியம்' என்று காட்டும் சோதனை எதுவும் இல்லை. பார்த்தும் பேசியும் கேட்டும்தான் கண்டறிய வேண்டும். அதற்கு உலகெங்கும் பயன்படும் சில முறைகள் இருக்கின்றன.

அமெரிக்க மருத்துவர் ஷேரன் இனோயி தலைமையிலான குழு 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை நான்கு அம்சங்களைப் பார்க்கிறது. ஒன்று, மாற்றம் திடீரென்று வந்து ஏற்ற இறக்கமாக இருக்கிறதா? இரண்டு, கவனம் சிதறுகிறதா? மூன்று, பேச்சு கோர்வையில்லாமல் இருக்கிறதா? நான்கு, விழிப்புநிலை மாறியிருக்கிறதா, அதாவது அளவுக்கு மீறிய பரபரப்போ தூக்கக் கலக்கமோ இருக்கிறதா? முதல் இரண்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அவற்றோடு மூன்றாவது அல்லது நான்காவது சேர்ந்தால் டெலிரியம் என்று முடிவு செய்வார்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உருவாகி 2011ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் '4ஏடி' என்ற முறை இன்னும் சுருக்கமானது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் விழிப்புநிலையைப் பார்ப்பார்கள். பிறகு வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், இப்போதைய ஆண்டு என நான்கு கேள்விகள் கேட்பார்கள். அடுத்து, டிசம்பரில் தொடங்கி மாதங்களின் பெயர்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். கடைசியாக, நிலைமை அண்மையில் திடீரென்று மாறியதா, ஏற்ற இறக்கமாக இருக்கிறதா என்று உடனிருப்பவரிடம் கேட்டறிவார்கள். மொத்தம் 12 புள்ளிகள். நான்கும் அதற்கு மேலும் வந்தால் குழப்பநிலை இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடத் தொடங்குவார்கள்.

இந்தப் புள்ளிக் கணக்கில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. "நேற்று வரை இப்படி இல்லை, திடீரென்று மாறிவிட்டார்" என்ற ஒரு தகவலுக்கு மட்டுமே நான்கு புள்ளிகள். அந்தத் தகவல் மருத்துவரிடம் இல்லை. தாதியிடமும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது. அவசரப் பிரிவில் முதியவரை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்கு, அவர் நேற்று எப்படி இருந்தார் என்று தெரிய வழியில்லை. யாரும் சொல்லாவிட்டால், இவர் எப்போதுமே இப்படித்தான் போலும் என்று நினைக்க இடமிருக்கிறது.

மொழியும் காதும் செய்யும் குழப்பம்

நம் சமூகத்து முதியோருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும், கொஞ்சம் பாசார் மலாய் தெரியும். கேட்கும் தாதி பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். பாட்டி விழித்தால் அது குழப்பமா, மொழி புரியாததா? காது கேட்கும் கருவி வீட்டு மேசையில் கிடக்கிறது என்றால், கேள்வியே காதில் விழாமலும் இருந்திருக்கலாம்.

பிறந்த தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலோ தோட்டத்திலோ பிறந்த பழைய தலைமுறையினர் சிலருக்கு அடையாள அட்டையில் உள்ள தேதி பிற்பாடு உத்தேசமாகப் பதிந்தது. "ஆடி மாசம் பிறந்தேன்" என்று அவர் சொன்னால் அது தவறான பதில் அல்ல. அதுபோலவே, பள்ளிக்கூடம் போகாதவருக்கு ஆங்கில மாதங்களைப் பின்னோக்கிச் சொல்வது நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே கடினம். அத்தகையவரிடம் வாரத்தின் நாட்களை ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். அல்லது இருபதிலிருந்து ஒன்று வரை இறங்குமுகமாக எண்ணச் சொல்லலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "மொழி புரியவில்லை, அதனால்தான் பதில் சொல்லவில்லை" என்று நினைத்து உண்மையான குழப்பத்தைத் தவறவிடவும் கூடும். எனவே முடிந்தவரை தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, கேள்வியை அப்படியே தமிழில் கேட்டு, பதிலையும் அப்படியே சொல்ல வேண்டும். பிள்ளைகள் இங்கே ஒரு காரியம் செய்கிறார்கள். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை என்றால் சங்கடப்பட்டு, தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள், அல்லது அடியெடுத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இது பள்ளித் தேர்வு அல்ல. அவர் சொல்லும் தவறான பதில்தான் அவரைக் காப்பாற்றப் போகிறது.

காரணத்தைத் தேடுவது

குழப்பநிலை இருக்கிறது என்று தெரிந்தால் அரைவேலைதான் முடிந்திருக்கிறது. ஏன் வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் ஒரே காரணமாக இருக்காது. இரண்டு மூன்று சேர்ந்து வரும்.

மருந்துகள் முதலிடத்தில் வருபவை. சளிக்கும் அரிப்புக்கும் வாங்கிச் சாப்பிடும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், சில வலி மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தத் தரும் சில மாத்திரைகள், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை முதியோரின் மூளையைக் கலக்கக்கூடியவை. பல ஆண்டுகள் சாப்பிட்டுவந்த தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும், தினமும் மது அருந்துபவர் திடீரென்று நிறுத்தினாலும் குழப்பநிலை வரும். மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாள் ஒருவருக்குக் கைநடுக்கமும் குழப்பமும் வந்தால் மதுப்பழக்கம் பற்றி மருத்துவர் கேட்பார். வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரை குறைந்தால் உடனே குழப்பம் வரும். வழக்கம்போல் மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் விட்டால் இது நேரும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, அவர் விழிப்போடு இருந்து விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சர்க்கரை ஏறிவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சில நீரிழிவு மாத்திரைகளின் வேகம் நெடுநேரம் நிற்பதால் சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும்.

தொற்று, உடலில் நீர் வற்றுவது, இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைவது ஆகியவையும் அடிக்கடி காணப்படும் காரணங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரைகளில் சிலவகை இந்த உப்பைக் குறைத்துவிடும். மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் சாதாரணமாகத் தோன்றினாலும் முதியவரைத் தலைகீழாக மாற்றிவிடும். சொல்லத் தெரியாத வலி இன்னொரு காரணம். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கும், ஆனால் வலி என்று சொல்லத் தெரியாமல் கூச்சல் மட்டும் போடுவார்.

மூளையிலேயே காரணம் இருப்பதும் உண்டு. பக்கவாதம் ஒன்று. கீழே விழுந்து தலையில் அடிபட்டு, மூளையின் மேற்புறத்தில் மெதுவாக இரத்தம் கசிந்து சேர்வது மற்றொன்று. அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூட அதன் விளைவு தெரியவரலாம். எனவே "போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார்" என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலியே தெரியாமல் வந்த மாரடைப்பும் குழப்பமாக மட்டும் வெளிப்படலாம்.

மருத்துவர் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, உயிர்வாயு அளவு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை முதலில் பார்ப்பார். வயிறு உப்பியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, எங்காவது தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பார்ப்பார். இரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்புப் பதிவு, நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவை பொதுவாக எடுக்கப்படும். மூளை ஸ்கேன் எல்லாருக்கும் தேவைப்படாது. தலையில் அடிபட்டிருந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிட்டுவந்தால், கை கால் ஒருபக்கம் பலவீனமாக இருந்தால், காரணம் எதுவும் பிடிபடாவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. முதியோர் பலருடைய சிறுநீரில், குறிப்பாகப் பெண்களுக்கு, எந்த நோயும் இல்லாமலேயே கிருமிகள் காணப்படும். சிறுநீரில் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, "இதனால்தான் குழப்பம்" என்று முடிவுகட்டி மற்ற காரணங்களைத் தேடாமல் விடக்கூடாது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி போன்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது

ஐந்து விஷயங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

1. மாற்றம் எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. போன வாரம் அவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார்? தானே நடந்தாரா, சாப்பிட்டாரா, பணம் எண்ணினாரா, தொலைக்காட்சி பார்த்துக் கதை சொன்னாரா?

3. வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பலதுறை மருந்தகத்தில் கொடுத்தவை, கடையில் வாங்கியவை, சின்சேயிடம் வாங்கியவை, ஊரிலிருந்து வந்த லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம்.

4. அண்மையில் விழுந்தாரா, சாப்பாடு குறைந்ததா, மலம் போய் எத்தனை நாள் ஆனது என்ற விவரங்கள்.

5. மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட்.

பகலெல்லாம் முதியவரோடு இருப்பது பணிப்பெண் என்றால், அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அல்லது தொலைபேசியிலாவது மருத்துவரிடம் பேசச் செய்யுங்கள். அப்பா எப்போதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பது வேலைக்குப் போய்வரும் மகனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

உடனே 995க்கு அழைக்க வேண்டிய நேரங்களும் உண்டு (மலேசியாவில் 999). எழுப்பினாலும் எழவில்லை, முகம் கோணுகிறது, கை கால் ஒருபக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது, வலிப்பு வருகிறது, மூச்சுத் திணறுகிறது, நெஞ்சு வலிக்கிறது, தலையில் அடிபட்ட பிறகு குழப்பம் வந்திருக்கிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் திடீர்க் குழப்பம் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சையும் தடுப்பும்

காரணத்தைச் சரிசெய்வதுதான் சிகிச்சை. தொற்றுக்கு மருந்து, நீர் வற்றியிருந்தால் நீர், தேவையற்ற மாத்திரையை நிறுத்துவது, மலச்சிக்கலைப் போக்குவது. குழப்பத்தையே தீர்க்கும் மந்திர மாத்திரை எதுவும் இல்லை. கட்டிப்போடுவது நிலைமையை மோசமாக்கும்.

ஆனால் ஆள் பராமரிப்பால் நிறையச் செய்ய முடியும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1999ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு நேரம், நாள், இடம் ஆகியவற்றை அடிக்கடி எடுத்துச் சொன்னார்கள், எழுந்து நடக்கவைத்தார்கள், போதிய தண்ணீர் கொடுத்தார்கள், கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவித்தார்கள், இரவில் தொந்தரவில்லாமல் தூங்க வழிசெய்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குக் குழப்பநிலை வந்தது. இவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே வந்தது. இதில் விலையுயர்ந்த மருந்து எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனை, இந்த நிலையில் உள்ள முதியோருக்கென்றே ஐந்து படுக்கைகள் கொண்ட தனிப் பிரிவு ஒன்றை அமைத்து, மாலை நேரத்தில் பிரகாசமான ஒளி சிகிச்சையும் தந்து ஆய்வு நடத்தியது. அவர்களின் தூக்கமும் அன்றாடச் செயல்திறனும் மேம்பட்டதாக அதன் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை எளியவை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தமிழில் பேசுங்கள். "நான் உங்கள் மகள், இது ஆஸ்பத்திரி, இன்றைக்குப் புதன்கிழமை" என்று சொல்லுங்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால், "பைத்தியமா உங்களுக்கு?" என்று வாதாடாதீர்கள், "பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன்" என்பது போதும். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டும் அமைதியும் வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப்பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு கேள்வி கேட்பது வேண்டாம்.

நேயர்களின் கேள்விகள்

கேள்வி: கிளினிக்குக்குப் போனபோது அப்பா தெளிவாகப் பேசினார். மருத்துவர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். இரவில் மறுபடியும் குழம்புகிறார். என்ன செய்வது?

பதில்: ஏற்ற இறக்கம் இந்த நோயின் குணம். இரவில் அவர் நடந்துகொள்வதைக் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். குடும்பக் குழுக்களில் பகிர வேண்டாம். அவருடைய மானம் நம் கையில் இருக்கிறது. படத்தோடு மீண்டும் போய், "இது புதிது" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் யாரையும் தூங்கவிடுவதில்லை. வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: கூடாது. குழப்பம் கூடும், எழுந்து நடக்கும்போது விழுவார். தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் மட்டும், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மருத்துவர் மருந்து தருவார். அது அவருடைய முடிவாக இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடக்கப்போகிறது. முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?

பதில்: முன்பு எப்போதாவது இப்படிக் குழம்பியிருந்தாலும், மறதி இருந்தாலும், தூக்க மாத்திரை சாப்பிட்டாலும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பிறகு வலி நன்றாகக் கட்டுப்பட வேண்டும், மருத்துவர் அனுமதித்ததும் சீக்கிரம் உட்காரவும் நடக்கவும் வேண்டும். முதல் சில நாட்கள் தெரிந்த முகம் ஒன்று அருகில் இருப்பது நல்லது.

கேள்வி: இது முழுதாகக் குணமாகுமா? பிறகு மறதி நோயாக மாறுமா?

பதில்: பலர் சில நாட்களிலோ வாரங்களிலோ தெளிந்துவிடுகிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. இந்நிலை ஒருமுறை வந்தவருக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல். எனவே தெளிந்து சில மாதங்கள் கழித்து நினைவாற்றல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குழப்பத்தில் இருக்கும்போதே மறதி நோய் என்று முத்திரை குத்திவிடக்கூடாது.

இங்கேதான் குடும்பங்கள் அவசரப்படுகின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் இருக்கும் நிலையைப் பார்த்து, "இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது" என்று தாதிமை இல்லத்துக்கு மனு போட்டுவிடுகிறார்கள். வீட்டை விற்பது, வங்கிக் கணக்கை மாற்றுவது, தமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது போன்றவற்றையும் இந்த நேரத்தில் செய்யக்கூடாது. அவரால் தற்சமயம் சரியாக முடிவெடுக்க இயலாது. ஆனால் அந்த ஆற்றல் திரும்பிவர வாய்ப்பிருக்கிறது. பல வீடுகளில் முதியவர் தெளிந்து எழுந்து உட்காரும்போது, அவருடைய அறை ஏற்கெனவே பேரனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிரந்தர முடிவுகளைத் தற்காலிக நிலையைப் பார்த்து எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மருத்துவமனைத் தாதியர் பலர் குடும்பத்தாரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: "வழக்கத்தைவிட இவர் இப்போது அதிகமாகக் குழம்பியிருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா?" எளிய கேள்விதான். அதற்கு நீங்கள் தரும் பதில் பல கருவிகளைவிடப் பயன்தரும். அந்தப் பதிலைச் சொல்ல, வழக்கமாக அவர் எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடமாவது வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தொலைவில் இருந்தால் தொலைபேசியில் பேசுங்கள். நாளைக்கு ஒரு மாற்றம் வந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.